இசட் இல்லாத குடுவை

சேறு செம்மணியில் எடுப்பதாகத்தான்
முதலில் எழுதியிருந்தோம்.
"அங்க கிண்டுறதெண்டால் கோட்டிலயிருந்து கடிதம் வேணும்"
என்றான் வாகனமோட்டி இயூஜின்.
யாரும் சிரிக்கவில்லை.
வண்டியைத் தொண்டைமானாற்றுப் பக்கம் திருப்பினான்.

நீர் வற்றி வெள்ளை பூத்த ஓரத்தில்,
ஒற்றைச் செருப்பு, லஞ்ச் சீற் துண்டு,
நைலோன் வலையின் முடிச்சு எல்லாவற்றையும் ஒதுக்கி
மூன்று கரண்டி.
அதிலிருந்து வந்தது இது. பெயர் வைக்கவில்லை.
எண் இருபத்தேழு. உப்பில்லாமல் வளராத பற்றீரியா.

பனங்கட்டிக் கரைசலை அள்ளி ஊற்றி
நைதரசனை நிறுத்தினால்
பெருக வழியில்லாமல் நிற்கும்.
சாப்பாடோ குவியும்.
அப்போது அது பொலியெஸ்டர் செய்யும்.
என் சட்டையின் நூலுக்கு ஒன்றுவிட்ட உறவு,
ஆலையில்லாமல், எண்ணெய்க் கிணறில்லாமல்,
மில்லிமீற்றரில் ஐந்நூறில் ஒரு பங்கு உடம்புக்குள்.

பாடநூலில் ஏ, பி, சி மூன்றும்
வகுப்புப் படத்துக்கு நிற்கிற பிள்ளைகள்போல் ஒரே நிரை.
இதில் ஏ ஓரிடம், பி இன்னோரிடம்,
சி வளையத்தின் மறுகரையில்.
"எங்கட குடும்பம் மாதிரி," என்றாள் சுகிர்தா.
"ஆனாலும் வேலை நடக்குது."
ஏ இரண்டு துண்டைப் பிணைக்கும்,
பி ஐதரசன் ஏற்றும்,
சி கோக்கும், கோக்கும், கோத்துக்கொண்டே இருக்கும்.
ஆர் என்றொன்று
வேறொரு பரம்பரையலகின்மேல் குந்தியிருக்கும்.
முதல் துளி உருண்டதும் எழும்பிப்போய்
அதில் ஒட்டிக்கொள்ளும்.
வெறுமையான கதிரையிலிருந்து
துளிக்குச் சட்டை போடும் புரதம் பிறக்கும்.
இதை வாசித்த இரவு
என் தேத்தண்ணி ஆறிப்போனது.

பிறகு இசட்.
சேர்த்ததை வெட்டித் தின்கிற நொதியத்தின் எழுத்து.
அறுவடைக்கு முன் தின்னும் வாய் எதற்கு என்றார்கள்
காசு தந்தவர்கள்.
நான்தான் வெட்டி எடுத்தேன்.
மூன்று மாதம். கரண்ட் நின்று
இரண்டு முறை எல்லாம் பழுது.
நைல் சிவப்பு இட்டு இருட்டில் பார்த்தால்
ஒவ்வொன்றும் செம்மஞ்சள், சவ்வு முட்டப் புடைத்து.
உலர்நிறையில் எழுபத்தொரு வீதம்!
பேராசிரியர் எல்லாருக்கும் ரோல்ஸ் வாங்கித் தந்தார்.

அறிக்கை கேட்காத ஒன்றை நான் தனியே செய்தேன்.
இசட் உள்ளது ஒரு குடுவை, இல்லாதது ஒரு குடுவை.
இரண்டையும் கொழுக்கவிட்டுக் கழுவி
வெறும் உப்புநீரில் விட்டேன்.
நாளுக்கொரு துளி தட்டில் பரப்பி எண்ணினேன்.

உள்ளது மெலிந்தது.
வெளிச்சம் மங்க மங்க உயிர் தங்கியது.
பதினெட்டாம் நாளும் தட்டில் புள்ளிகள்.

இல்லாதது மங்கவேயில்லை.
ஒன்பதாம் நாள் தட்டு வெறுமை.
நுணுக்குக்காட்டியில் அப்போதும் அத்தனை செம்மஞ்சள்,
வயிறு நிறையப் பட்டினியில் செத்தவை.

தொண்ணூற்றைந்து ஒக்டோபரில்
எங்கள் வீட்டில் பதினாறு மூட்டை நெல்.
திறப்பு அப்பாவின் மடியில்.
நாங்கள் சாவகச்சேரிப் பள்ளிக்கூடமொன்றில்
கோப்பையோடு வரிசையில்.
இதைச் சுகிர்தாவிடம் சொல்லவில்லை.
பற்றீரியாவுக்கு வரலாறு கிடையாது.
உவமை வந்தால் மேசையைத் துடைப்பது என் பழக்கம்.
துடைத்தேன்.

விளைச்சல் என்று ஒரு நிரல் இருந்தது படிவத்தில்.
ஒன்பதாம் நாளுக்கு நிரல் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்.
இசட் உள்ள பழைய இருபத்தேழை
உறைபெட்டியின் அடித்தட்டில், பெயரெழுதி ஒட்டி,
யாரும் கேட்காமலே பத்திரப்படுத்தினேன்.

செத்தவற்றிலிருந்து பிரித்தெடுத்த பொலியெஸ்டரை
நகமளவு தகடாக அழுத்தி, குச்சியில் கட்டி,
அதே ஆற்றோரச் சேற்றில் புதைத்தோம்.
அங்கே வேறெவையோ வாழ்கின்றன,
தங்கள் தங்கள் இசட்டோடு.

ஆறாம் வாரம் இயூஜின்தான் குச்சியைப் பிடுங்கினான்.
தகடு இல்லை. ஒரு விளிம்புகூட இல்லை.
"ஆரோ திண்டிட்டினம்," என்றான்.

கட்டிய நைலோன் நூல் மட்டும்
போட்ட முடிச்சோடு அப்படியே.